கொழும்பில் முன்பள்ளி ஆசிரியையாக விரும்புவோருக்கு ஒரு வழிகாட்டி

இலங்கையில் முறைசார்ந்த பாடசாலைக் கல்வி, பிள்ளை ஐந்து வயதைப் பூர்த்தி செய்த பின்னர் தரம் 1இல் தொடங்குகிறது. அதற்கு முந்திய இரண்டு மூன்று ஆண்டுகள் பெரும்பாலும் அரசாங்கப் பாடசாலை முறைக்கு வெளியே இருக்கின்றன. கொழும்பில் அவ்வாண்டுகளைப் பொறுப்பேற்றிருப்போர் பலதரப்பட்டவர்கள்: வெள்ளவத்தை ஒழுங்கைகளில் வீட்டின் கீழ்த்தளத்தில் முன்பள்ளி நடத்தும் தனியாட்கள், கொட்டாஞ்சேனையிலும் மட்டக்குளியிலும் ஆலயங்களையும் கன்னியர் மடங்களையும் சார்ந்த நேர்சரிகள், மாநகர சபையின் முன்பள்ளிகள், தொண்டு நிறுவனங்கள், சர்வதேசப் பாடசாலைகளின் மழலையர் பிரிவுகள். ஆகவே இத்தொழிலுக்குள் நுழைவதற்கு ஒரே வாசல் என்று எதுவும் இல்லை. அரசாங்க ஆரம்பப்பிரிவு ஆசிரியராக விரும்பும் ஒருவருக்கு உயர்தரப் பெறுபேறு, வர்த்தமானி அறிவித்தல், தேசிய கல்வியியற் கல்லூரி, நியமனம் என்று வழி வரையப்பட்டிருக்கிறது. முன்பள்ளி ஆசிரியைக்கு அப்படி எவரும் வரைந்து தரவில்லை. படிப்பையும் பயிற்சியையும் வேலையையும் எந்த ஒழுங்கில், யாரிடம் பெறுவது என்பதை அவரே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. அந்தத் தீர்மானங்களில் எங்கே பணமும் காலமும் வீணாகின்றன, எங்கே வீணாகாமல் காக்கலாம் என்பதே இங்கே சொல்லப்படுவது. (ஆசிரியை என்று எழுதுவது நடைமுறையைக் கருதியே. ஆண்களுக்குச் சட்டத் தடை எதுவும் இல்லை. பெற்றோரின் தயக்கம்தான் தடை. அதைக் கடப்பதற்குச் சற்றுக் கூடுதலான தகைமையும் பொறுமையும் வேண்டியிருக்கும்.)

முதலில் வகுப்பறை, பிறகு கட்டணம்

உயர்தரப் பரீட்சை முடிந்த கையோடு விளம்பரம் ஒன்றைப் பார்த்து, டிப்ளோமா வகுப்புக்குப் பணம் கட்டி, சான்றிதழையும் பெற்ற பின்னரே, மூன்று வயதுப் பிள்ளைகள் இருபது பேருடன் மூன்று மணித்தியாலம் தன்னால் நிற்க முடியுமா என்பதைப் பலர் கண்டறிகிறார்கள். இந்த ஒழுங்கைத் தலைகீழாக்குவது நல்லது. உறவினர் அல்லது அயலவரின் பிள்ளை செல்லும் முன்பள்ளி ஒன்றில், சில வாரங்களுக்குச் சம்பளமின்றி உதவியாளராக நிற்க அனுமதி கேளுங்கள். ஜனவரி மாதத்தில் கேட்டால் மறுப்பவர்கள் குறைவு. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் வாசலில் தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு அழும் அந்த வாரங்களில், இன்னும் ஒரு சோடிக் கை எந்த முன்பள்ளிக்கும் தேவைப்படும்.

அங்கே நீங்கள் சோதித்துப் பார்க்க வேண்டியது பிள்ளைகள்மீது உங்களுக்கு அன்பு இருக்கிறதா என்பதை அன்று. “பிள்ளைகள் என்றால் எனக்கு உயிர்” என்று நேர்முகப் பரீட்சைக்கு வரும் எல்லாரும் சொல்கிறார்கள். அக்காவின் பிள்ளையை மாலையில் இரண்டு மணித்தியாலம் கொஞ்சியவர்களும் அதையே சொல்கிறார்கள். ஒரே கேள்வியை எட்டாவது தடவை கேட்கும் பிள்ளைக்கு முதல் தடவை சொன்ன அதே குரலில் பதில் சொல்ல முடிகிறதா, நாள் முழுவதும் குனிந்தும் நிலத்தில் அமர்ந்தும் எழுந்தும் உங்கள் முதுகும் முழங்காலும் தாங்குகின்றனவா, நனைந்த காற்சட்டையை மற்றப் பிள்ளைகள் சிரிப்பதற்கு முன்னர் சத்தமின்றி மாற்றிவிட முடிகிறதா என்பவையே உண்மையான கேள்விகள். இவற்றுக்கு “இல்லை” என்று விடை கிடைத்தால் அதில் குறைவு எதுவும் இல்லை. தரம் 3இலும் 4இலும் மிக நன்றாகக் கற்பிக்கக்கூடிய பலருக்கு மூன்று வயது ஒத்துவருவதில்லை.

அதே வாரங்களில் அங்குள்ள மூத்த ஆசிரியையையும் கவனியுங்கள். விளையாட்டிலிருந்து சிற்றுண்டிக்கு, சிற்றுண்டியிலிருந்து கதைக்கு என்று ஒரு வேலையிலிருந்து அடுத்த வேலைக்குப் பிள்ளைகளை அவர் எவ்வாறு நகர்த்துகிறார் என்பதில்தான் இத்தொழிலின் நுட்பம் பெரும்பகுதியும் இருக்கிறது. தேர்ந்தவர் குரலை உயர்த்துவதில்லை. பழக்கப்பட்ட ஒரு பாட்டைத் தொடங்குவார், அல்லது ஒரு சிறிய மணியை ஒலிப்பார், பிள்ளைகள் தாமாகவே எழுந்து வருவார்கள். அந்தப் பழக்கத்தை ஏற்படுத்த அவருக்கு எத்தனை வாரங்கள் எடுத்தன என்று கேட்டுப் பாருங்கள். பாடநெறிக் குறிப்புகளில் கிடைக்காத விடைகள் கிடைக்கும்.

இன்னொன்றையும் பாருங்கள். மூன்று வயதுப் பிள்ளைகள் கோடிட்ட கொப்பியில் வரிசை வரிசையாக எழுத்துகளைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தால், அந்த இடத்தில் நீங்கள் கற்றுக்கொள்ளக்கூடியது அதிகமில்லை. எழுதுவதற்கு முன்னர் கை தயாராக வேண்டும். களிமண்ணைப் பிசைவதும், கடதாசியைக் கிழிப்பதும், மணி கோப்பதும், ஒரு கோப்பையிலிருந்து மற்றதற்கு நீர் ஊற்றுவதும், மணலில் விரலால் இழுப்பதும் விரல்களின் சிறு தசைகளைப் பழக்குகின்றன. மூன்று விரல்களால் பென்சிலைப் பிடிக்கும் பிடி பெரும்பாலான பிள்ளைகளுக்கு நான்கு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடையில்தான் நிலைபெறுகிறது. அதற்கு முன்னர் கட்டாயப்படுத்தினால் பிழையான பிடியே பழக்கமாகிவிடுகிறது. ஆனால் கொழும்பில் தரம் 1 அனுமதியை எண்ணி இரண்டு வருடம் முன்னதாகவே கவலைப்படும் பெற்றோர், “ரீச்சர், பிள்ளை இன்னும் ஒண்டும் எழுதேல்லையே” என்று வாசலில் நின்று கேட்பார்கள். அவர்களுக்குப் பதில் சொல்வதும் இந்த வேலையின் ஒரு பகுதி. பிள்ளை இன்று செய்த களிமண் உருவத்தைக் கையில் கொடுத்து, அதைச் செய்ய எந்த விரல்கள் எப்படி வேலை செய்தன என்று விளக்கத் தெரிந்த ஆசிரியையிடம் அந்தக் கேள்வி இரண்டாம் தடவை வருவதில்லை.

எந்தச் சான்றிதழ்?

பணம் மிகவும் வீணாகும் இடம் இதுதான் என்பதால் இதனைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும்.

நாவலையில் அமைந்துள்ள இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தின் கல்விப் பீடம் முன்பள்ளிக் கல்விச் சான்றிதழ் பாடநெறியையும், அதற்கு மேலாக முன்பிள்ளைப்பருவ மற்றும் ஆரம்பக் கல்வி டிப்ளோமாவையும் நடத்துகிறது. சான்றிதழ் பாடநெறியைத் தமிழ்மொழி மூலமும் கற்கலாம். தொலைக்கல்வி முறை என்பதால் காலையில் முன்பள்ளியில் வேலை செய்துகொண்டே படிக்க முடியும். காலையில் செய்ததை மாலையில் வாசிப்பதும், மாலையில் வாசித்ததை மறுநாள் செய்து பார்ப்பதும் இத்தொழிலுக்கு மிகவும் பொருத்தமான கற்றல் முறை என்பது என் கருத்து. பல்கலைக்கழகச் சான்றிதழ் என்பதால் பின்னர் மேற்படிப்புக்குச் செல்லும்போதும் அதன் பெறுமதியை எவரும் கேள்வி கேட்பதில்லை. ஒப்படைகளைத் தவணைக்குள் முடிக்கும் ஒழுக்கம் இல்லாதவர்களுக்கு மட்டும் இவ்வழி கடினமானது.

இரண்டாவது வழி என்.வீ.கியூ. எனப்படும் தேசிய தொழில்சார் தகைமை. இது ஏழு மட்டங்களைக் கொண்டது. 1 முதல் 4 வரை சான்றிதழ், 5ஆம் 6ஆம் மட்டங்கள் டிப்ளோமா, 7ஆம் மட்டம் பட்டத்துக்குச் சமமானது. முன்பள்ளி ஆசிரியர்களுக்கு 4ஆம் மட்டச் சான்றிதழ் உண்டு. பல ஆண்டுகளாகக் கற்பித்து வந்தும் கையில் ஒரு சான்றிதழும் இல்லாதவர்களுக்கு இதில் ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையின் கீழ், வகுப்பில் மீண்டும் உட்காராமல், செய்த வேலைக்கான ஆதாரங்களைச் சமர்ப்பித்து மதிப்பீட்டாளரின் முன்னிலையில் திறனைக் காட்டித் தகைமையைப் பெறலாம். நைற்றா என்று பரவலாக அழைக்கப்படும் தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபையிடம் இதைப் பற்றி விசாரிக்கலாம். இதற்காகவே, வேலையில் இருக்கும் காலத்தில் பாடத்திட்டக் குறிப்புகள், பிள்ளைகளின் அவதானிப்புப் பதிவுகள், நீங்கள் செய்த கற்பித்தற் பொருட்களின் படங்கள், சேவைக் கடிதங்கள் ஆகியவற்றை ஒரு கோப்பில் சேர்த்து வாருங்கள். பிள்ளைகளின் முகம் தெரியாத படங்களாக இருக்கட்டும்.

மூன்றாவது வழி தனியார் நிறுவனங்கள். இங்கே ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொள்ள வேண்டும். 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவிலேயே தொழிற்பயிற்சி நிறுவனங்கள் பதிவு செய்யப்படுகின்றன. ஆனால் நிறுவனம் பதிவு செய்யப்பட்டிருப்பது வேறு, அது நடத்தும் குறிப்பிட்ட பாடநெறி தரஅங்கீகாரம் பெற்றிருப்பது வேறு. விளம்பரத்தில் முன்னதைப் பெரிதாக அச்சிட்டு, பின்னதைப் பற்றி வாய் திறக்காதவர்கள் உண்டு. நாரஹேன்பிட்டியிலுள்ள ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் இரண்டையும் தனித்தனியாகத் தேடிப் பார்க்கலாம். பணம் கட்டுவதற்கு முன்னர் தேடுங்கள்.

மொண்டிசோரி டிப்ளோமா என்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் கொழும்பில் முன்பள்ளி என்பதற்கே பலரும் அந்தப் பெயரைத்தான் வழங்குகிறார்கள். இத்தாலிய மருத்துவரான மரியா மொண்டிசோரி 1907இல் ரோம் நகரின் சன் லொரன்சோ குடியிருப்பில் தமது முதலாவது சிறுவர் இல்லத்தைத் தொடங்கினார். 1939இல் இந்தியாவுக்கு வந்து யுத்த காலத்தை அங்கே கழித்த அவர், 1944இல் இலங்கையிலும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். சர்வதேச மொண்டிசோரிச் சங்கம் 1929 முதல் இயங்கி வருகிறது. இருந்தபோதிலும் அந்தப் பெயர் எவருக்கும் உரித்தான வணிகச் சின்னமன்று. யாரும் தம் வாசற் பலகையில் எழுதிக்கொள்ளலாம், யாரும் அப்பெயரில் டிப்ளோமா வழங்கலாம். ஆகவே பெயரைப் பார்க்காமல் பயிற்சியைப் பாருங்கள். அன்றாட வாழ்க்கைப் பயிற்சி, புலன் பயிற்சி, மொழி, கணிதம் ஆகிய நான்கு பிரிவுகளுக்கும் உரிய உபகரணங்கள் முழுமையாக அங்கே இருக்கின்றனவா, அவற்றைக் கையாண்டு பழகப் பயிலுனர்களுக்கு நேரம் தரப்படுகிறதா, பிள்ளைகள் இருக்கும் உண்மையான வகுப்பறையில் மேற்பார்வையின் கீழ் எத்தனை வாரம் கற்பிக்க வேண்டும் என்று கேளுங்கள். ஒரு சென்ரிமீற்றரிலிருந்து பத்து சென்ரிமீற்றர் வரையான பத்துக் கனக்கட்டைகளால் ஆன இளஞ்சிவப்புக் கோபுரத்தைப் படத்தில் மட்டுமே பார்த்து டிப்ளோமா முடித்தவர், அதைப் பிள்ளைக்குக் காட்டும்போது தடுமாறுவார். ஞாயிறு தோறும் குறிப்புச் சொல்லி எழுதுவித்து இறுதியில் பட்டமளிப்பு விழாவைப் பெரிய மண்டபத்தில் நடத்தும் பாடநெறிகளில் நல்ல புகைப்படங்கள் கிடைக்கும். எழுத்தின் வடிவைப் பிள்ளை விரலால் தடவிப் பழகுவதற்காகச் சொரசொரப்பான தாளில் வெட்டி ஒட்டிய எழுத்து அட்டைகள் கடைகளில் கிடைத்தால் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே கிடைக்கின்றன. தமிழ் எழுத்துகளுக்கு நீங்களே செய்துகொள்ள வேண்டும். பயிற்சிக் காலத்திலேயே அந்தத் தொகுதியைச் செய்து வைத்திருப்பவர் நேர்முகப் பரீட்சைக்குக் கையில் ஒன்றைக் கொண்டு செல்கிறார்.

தமிழ் என்னும் தகைமை

கொழும்புத் தமிழ்ப் பிள்ளை ஒன்று வீட்டில் தமிழையும், வகுப்பில் ஆங்கிலத்தையும், முச்சக்கரவண்டி மாமாவிடம் சிங்களத்தையும் கேட்கிறது. ஆங்கிலமூல முன்பள்ளிக்கு விண்ணப்பிக்கும்போது தம் தமிழை மறைத்துவைக்க வேண்டிய ஒன்றாகச் சிலர் கருதுவது வருத்தத்துக்குரியது. முதல் மாதத்தில் பிள்ளைக்கு வயிறு நோகிறதா, கழிப்பறைக்குப் போக வேண்டுமா, அம்மா எப்போது வருவார் என்று கேட்கிறதா என்பதெல்லாம் வீட்டு மொழியிலேயே வெளிவரும். அதைப் புரிந்துகொள்பவர் அறையில் ஒருவராவது இருக்க வேண்டும். யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பிள்ளையும், மலையகத்துப் பிள்ளையும், வாப்பா உம்மா என்று அழைக்கும் முஸ்லிம் பிள்ளையும் ஒரே பாயில் அமர்ந்திருக்கும் நகரம் இது. ஒவ்வொரு பிள்ளையின் பேச்சையும் திருத்தாமல் ஏற்றுக்கொண்டு, தாம் தெளிவாகப் பேசிக் காட்டுவதே ஆசிரியையின் வேலை. ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் அதை அதே மொழியில் முடிக்கப் பழகுங்கள். ஆங்கிலத்திலும் அவ்வாறே பேசும் அளவுக்கு உங்களை வளர்த்துக்கொண்டால் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைப் பகுதிகளில் வேலை வாய்ப்பு இரட்டிப்பாகும். அடிப்படைச் சிங்களம் பெற்றோரில் ஒரு பகுதியினருடனும் அலுவலகங்களுடனும் பழக உதவும்.

வேலை தேடுதல்

முன்பள்ளிகளின் ஆண்டு பெரும்பாலும் ஜனவரியில் தொடங்குவதால், ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரை ஆட்களைத் தேடுவார்கள். சர்வதேசப் பாடசாலைகள் சில செப்டெம்பரில் ஆண்டைத் தொடங்குகின்றன. அவற்றுக்கு ஆண்டின் நடுப்பகுதியிலேயே விண்ணப்பிக்க வேண்டும். ஞாயிறு வீரகேசரி, தினக்குரல் விளம்பரங்களைப் பார்க்கலாம் என்றாலும், சிறிய முன்பள்ளிகளின் வெற்றிடங்கள் பத்திரிகைக்கு வருவதற்கு முன்னரே வாய்வழியாக நிரம்பிவிடுகின்றன. நேரில் சென்று சுயவிபரக் கோவையைக் கொடுப்பது இன்றும் பயன் தரும் வழி. ஆனால் பிள்ளைகள் வீடு திரும்பிய பின்னர், நண்பகலை அண்டிய நேரத்தில் செல்லுங்கள். காலை எட்டு மணிக்கு வாசலில் நின்று அதிபரைக் கேட்பவர், இந்த வேலையைப் பற்றித் தமக்கு எவ்வளவு தெரியும் என்பதை அப்போதே காட்டிவிடுகிறார்.

பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, கல்விச் சான்றிதழ்கள் ஆகியவற்றின் பிரதிகளுடன் கிராம உத்தியோகத்தர் சான்றிதழையும் பொலிஸ் நற்சான்று அறிக்கையையும் கேட்காமலேயே கொண்டு செல்லுங்கள். சிறு பிள்ளைகளை ஒப்படைக்கும் இடத்தில் அவற்றைக் கேட்காத நிர்வாகத்தைப் பற்றி ஒருமுறை யோசிக்க வேண்டும். 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையையும் அதன் 1929 என்ற தொலைபேசி இலக்கத்தையும் அறிந்திருப்பது, நேர்முகப் பரீட்சைக்காக மட்டுமன்றி, பிள்ளையின் உடலில் விளக்கம் கிடைக்காத காயத்தைக் காணும் நாளுக்காகவும் தேவை.

மாதிரி வகுப்பு ஒன்றை நடத்திக் காட்டச் சொல்வார்கள். பதினைந்து நிமிடத்துக்குப் பத்து விடயங்களைத் தயாரித்துக்கொண்டு போகாதீர்கள். ஒரு கூடைக்குள் ஒரு எலுமிச்சை, ஒரு வெண்டிக்காய், ஒரு கறிவேப்பிலைக் கொத்து போதும்: தொட்டுப் பார்க்கலாம், மணந்து பார்க்கலாம், பெயர் சொல்லலாம், எண்ணலாம், வெண்டிக்காயை வெட்டிச் சாயத்தில் தோய்த்து அச்சிடலாம். கைபேசியில் காணொளி காட்டி நேரத்தை நிரப்புபவரைத் தேர்வுக் குழுவில் இருக்கும் அனுபவசாலிகள் விரும்புவதில்லை. ஒரு பிள்ளை எழுந்து ஓடினால் அதைத் துரத்தாமல், மற்றவர்களுடன் தொடர்ந்துகொண்டே அதை மீண்டும் வரவழைக்க முடிகிறதா என்பதையே அவர்கள் பார்ப்பார்கள். பிறகு, “ஒரு பிள்ளை மற்றப் பிள்ளையைக் கடித்துவிட்டால் என்ன செய்வீர்கள்?” என்பது போன்ற கேள்வி நிச்சயம் வரும். கடிபட்ட பிள்ளையை முதலில் கவனிப்பேன், கடித்த பிள்ளையிடம் மண்டியிட்டுக் கண்மட்டத்தில் இருந்து, “தம்பிக்கு நோகுது பாருங்கோ, கோபம் வந்தால் என்னட்டச் சொல்லுங்கோ” என்று சுருக்கமாகச் சொல்வேன், இரு தரப்புப் பெற்றோருக்கும் அன்றே அறிவிப்பேன், கடித்த பிள்ளையின் பெயரை மற்றத் தாயிடம் சொல்லமாட்டேன் என்ற ஒழுங்கில் விடை அமைந்தால், நீங்கள் வகுப்பறையில் நின்றவர் என்பது அவர்களுக்குத் தெரியும்.

நீங்களும் கேளுங்கள். ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள், உதவியாளர் உண்டா, பிள்ளையை அழைத்துச் செல்ல அனுமதி உள்ளவர்களின் பட்டியல் வாசலில் இருக்கிறதா, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் யார் பொறுப்பு, சனிக்கிழமைகளிலும் விழாக் காலத்திலும் எத்தனை மணித்தியாலம் கூடுதலாக நிற்க வேண்டும் என்பன கேட்கத் தகாத கேள்விகள் அல்ல.

சம்பளம்

இத்துறையில் சம்பளம் குறைவு என்பதை மூடி மறைப்பதில் பயனில்லை. அரைநாள் வேலை என்று சொல்லிக் குறைத்துக் கொடுத்துவிட்டு, தயாரிப்பு வேலையையும் சுத்தம் செய்தலையும் கணக்கில் எடுக்காத இடங்கள் பல. 2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டம் 2025இல் திருத்தப்பட்டு, மாதக் குறைந்தபட்ச வேதனம் 2025 ஏப்ரல் முதல் 27,000 ரூபாவாகவும் 2026 ஜனவரி முதல் 30,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. பேசும்போது இந்தத் தொகையை மனத்தில் வைத்திருங்கள். எழுத்திலான நியமனக் கடிதம் கேட்டுப் பெறுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 சதவீதம் கழிக்கப்படும். தொழில்தருநர் 12 சதவீதமும், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு மேலும் 3 சதவீதமும் செலுத்த வேண்டும். அந்த 3 சதவீதத்தை உங்கள் சம்பளத்திலிருந்து கழிக்க முடியாது. “எங்களுடையது சிறிய இடம், இதெல்லாம் இல்லை” என்று சொன்னால், ஊழியர் ஒருவர் மட்டுமே இருந்தாலும் இந்நிதிகள் பொருந்தும் என்பதைப் பணிவாக நினைவூட்டலாம். முதலாவது வேலையில் நல்ல மூத்த ஆசிரியையின் கீழ் நிற்கும் வாய்ப்பு இருந்தால், சற்றுக் குறைந்த சம்பளத்தையும் ஓராண்டுக்கு ஏற்கலாம் என்பேன். சட்டம் கொடுக்கச் சொன்னதை விட்டுக்கொடுக்கச் சொல்லமாட்டேன்.

அடுத்த படிகள்

சில ஆண்டுகளின் பின்னர் மூன்று திசைகள் தெரியும். சொந்தமாக முன்பள்ளி தொடங்க விரும்புபவர், இடத்துக்கு முற்பணம் கொடுப்பதற்கு முன்னர் பிரதேச செயலகத்தில் உள்ள முன்பிள்ளைப்பருவ அபிவிருத்தி உத்தியோகத்தரைச் சந்திக்க வேண்டும். வெள்ளவத்தையும் பம்பலப்பிட்டியும் திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகத்துக்கும், கொட்டாஞ்சேனையும் மட்டக்குளியும் கொழும்புப் பிரதேச செயலகத்துக்கும் உட்பட்டவை. முன்பள்ளி விடயம் மாகாண சபைகளின் கீழ் வருவதால் மேல் மாகாணத்தின் பதிவுத் தேவைகளையும் அவரிடமே கேட்டறியலாம். கழிப்பறைகளின் எண்ணிக்கை, விளையாட்டு இடம், வெளியேறும் வழி ஆகியவை பொருந்தாத வீட்டை வாடகைக்கு எடுத்துவிட்டுப் பின்னர் அலைவதை இது தவிர்க்கும்.

அரசாங்க ஆரம்பப்பிரிவுக்கு மாற விரும்புபவர், முன்பள்ளி அனுபவம் இலங்கை ஆசிரியர் சேவைக்குள் நேராகக் கொண்டு செல்லாது என்பதை அறிந்து, வயதெல்லை கடப்பதற்கு முன்னரே கல்வியியற் கல்லூரி அல்லது பட்டப்படிப்பு வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வெளிநாடு செல்லும் எண்ணம் உள்ளவர்களிடம் “உலகம் முழுவதும் செல்லுபடியாகும்” என்று டிப்ளோமாக்கள் விற்கப்படுகின்றன. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், 2007ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, அங்குள்ள ஒழுங்காற்று அமைப்பில் பதிவு பெற்றவர்கள் மட்டுமே முன்பிள்ளைப்பருவக் கல்வியாளர் என்ற பெயரைப் பயன்படுத்தலாம். அவுஸ்திரேலியாவிலும் வெளிநாட்டுத் தகைமைகள் தனியாக மதிப்பிடப்படுகின்றன. எந்த நாட்டுக்குச் செல்வதாயினும், அந்த நாட்டின் மதிப்பீட்டு அமைப்பு கேட்கும் ஆவணங்களை முதலில் வாசித்து, பாடத்திட்டத்தின் முழு விபரத்தையும் மேற்பார்வையிடப்பட்ட பயிற்சி மணித்தியாலங்களையும் எழுத்தில் தரக்கூடிய நிறுவனத்தில் மட்டும் சேருங்கள். பாடநெறி முடிந்து பல ஆண்டுகளின் பின்னர், மூடப்பட்டுவிட்ட நிறுவனத்திடம் அந்தக் கடிதத்தைப் பெற முடியாது. சான்றிதழ் வாங்கும் நாளிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.